அவள் வீட்டுப் பெரியவளின் கதையை நான் சொன்ன நாள்

சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தபோது கடைசி ஆண்டில் எல்லோரும் எங்காவது பயிற்சிக்குப் போயாக வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் சென்னை மருத்துவமனைகளுக்குப் போனார்கள். நான் மாமல்லபுரத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. செங்கல்பட்டில் பேருந்து ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாக உட்கார்ந்தபடியே போய்விடலாம், மாலை விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்று அப்பா சொன்னார். நானும் சரி என்றேன்.

சிற்பக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அலுவலகம். கீழே கருங்கல்லை இயந்திரத்தால் அறுத்துக்கொண்டே இருப்பார்கள். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கல்தூசி. கடற்கரைக் குப்பங்களிலிருந்து கல்லூரிப் பிள்ளைகளும் படிப்பை விட்டவர்களும் வாரக் கடைசியில் அங்கே கூடுவார்கள். தங்கள் ஊருக்கு என்ன தேவை என்று அவர்களே பேசி முடிவெடுத்து, அதை அதிகாரிகள் முன்னால் அவர்களே எடுத்துச் சொல்லப் பழக்குவதுதான் அந்த நிறுவனத்தின் வேலை. ஒருங்கிணைப்பாளரை எல்லோரும் அண்ணா என்பார்கள். நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. நான் போன முதல் நாளே, "இங்க நீ சொல்லிக்குடுக்க வரல, கேக்க வந்திருக்கே. அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோ" என்றார். கேட்பது எளிது என்று அன்று நினைத்தேன்.

அந்த வருடம் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட கோரிக்கை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆட்கள் நடந்து தாண்ட ஒரு கடவு. சாலையை அகலப்படுத்திய பிறகு புதுச்சேரி போகிற வண்டிகள் பறந்தன. குப்பங்கள் கடல் பக்கம், பள்ளியும் சந்தையும் மறுபக்கம். சதுரங்கப்பட்டினத்துக்கு முன்னால் உள்ள ஒரு குப்பத்தில் பேருந்து ஏறவே சாலையைத் தாண்ட வேண்டும். அங்கே சிக்னலும் தடுப்பும் வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அந்தச் சாலையில் விபத்தை நேரில் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று அண்ணா கேட்டபோது ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் தூக்கவில்லை. அந்தக் குப்பத்துப் பெண்தான். பி.காம் முதலாண்டு, அதிகம் பேசமாட்டாள். கூட்டம் முடிந்து எல்லோரும் படியிறங்கிய பிறகு என்னிடம் வந்தாள்.

"மிஸ், எங்க வூட்ல ஒருத்தர் அங்கதான் பூட்டாங்க."

"யாரும்மா?"

"பெரியவ."

இரண்டு பெண்பிள்ளைகள் உள்ள வீடு அது. மூத்தவள் ஒரு கடற்கரை விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். போன வருடம் ஒரு காலையில் வேலைக்குப் போக ரோட்டைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துவிட்டாள். இவள் அதைப் பார்த்தாள்.

அண்ணாவிடம் சொன்னேன். அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதிகாரிகள் ஆயிரம் மனுக்களைப் பார்க்கிறவர்கள், ஆள் வந்து நின்று சொன்னால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்றார். உனக்கு முடியுமா என்று கேட்டுவிட்டு, முடியாது என்றால் அதுவும் சரிதான், யாரும் எதுவும் நினைக்க மாட்டோம் என்றார். மறுநாள் மீண்டும் கேட்டார். அவள், "சொல்றேன்" என்றாள். அவளுக்குப் பேசப் பயிற்சி கொடுப்பது என் வேலை ஆயிற்று.

முதல் முறை அவள் சொன்னபோது ஒரு முழுப் பிற்பகல் ஆனது. விபத்தில் அவள் தொடங்கவே இல்லை. பெரியவள் விடுதியிலிருந்து குட்டிக் குட்டிச் சோப்புகளைக் கொண்டுவருவாள், அதை இருவரும் மோந்து பார்த்துவிட்டு உபயோகிக்காமல் எடுத்து வைப்பார்கள், அங்கிருந்து ஆரம்பித்தாள். அன்று காலை குளிக்க நேரமாகிவிட்டது, ஈரத் தலையோடு சீருடையை மாட்டிக்கொண்டு ஓடினாள். டப்பாவில் எலுமிச்சைச் சாதம். செருப்பின் வார் அறுந்திருந்தது, ஊக்கு போட்டிருந்தாள். எதிரே பேருந்து வருவது தெரிந்தது. "பஸ் வந்துகினு இருந்துச்சு மிஸ். உட்டா லேட்டு. பாதி ரோடு போய்ட்டா." அங்கே நிறுத்தி, கீழே கல் அறுக்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு மீதியைச் சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான். அதற்குள் அடங்க வேண்டும். நானும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறைத்தோம். சோப்பு போயிற்று. எலுமிச்சைச் சாதம் போயிற்று. ஈரத் தலை இருக்கட்டும் என்றேன், ஊக்கு போட்ட செருப்பும் இருக்கட்டும் என்றாள். நான் கைபேசியில் நேரம் பார்ப்பேன், அவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். முடிந்ததும் "இன்னொரு வாட்டி" என்பாள், நான் கேட்காமலே. எத்தனை முறை சொன்னாள் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு கட்டத்தில் அவள் எங்கே மூச்சு வாங்குவாள் என்பதுகூட எனக்குத் தெரிந்துபோனது.

அந்த நாட்களில்தான் அது தொடங்கியது. திரும்பும் பேருந்தில், திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறும்போது, கூட்டத்தில் ஒரு பெண் நிற்பதாகத் தோன்றும். மெலிந்த முகம், கூரிய தாடை, உதட்டோரம் ஒரு மச்சம். நான் பெரியவளைப் பார்த்ததில்லை, படமும் பார்த்ததில்லை. அந்த முகத்தை என் மனமே எங்கிருந்தோ எடுத்து அவளுக்கு வைத்துவிட்டது. ஒருமுறை வைத்த பிறகு அது மாறவே இல்லை. செங்கல்பட்டு ஏரிக்கரையில் ரயிலுக்காகக் கேட் மூடியிருக்கும்போது தண்டவாளத்தின் அந்தப் பக்கம் நிற்பாள். ரயில் போய்விட்டால் அவளும் இருக்க மாட்டாள். ஒரு காலை நான் குளித்துவிட்டு அவசரமாகக் கிளம்ப, "தலைய தொவட்டிண்டு போயேன், ஈரம் சொட்டறது" என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று பயிற்சிக்குப் போக வெகுநேரம் ஆயிற்று.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. செத்தவள் அவள் வீட்டுப் பெண். பார்த்தவள் அவள். நான் நேரம் பார்ப்பவள்.

கூட்டத்துக்குச் சில நாள் இருக்கையில் அண்ணா ஒத்திகை பார்க்க வந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, ஒன்றே ஒன்று மாற்றலாம் என்றார். "பெரியவ, பெரியவனு சொல்றே. கேக்கறவங்களுக்கு யாருனு புரியாது. எங்க அக்கானு சொல்லேன்."

அவள் தலையசைத்தாள். திரும்பத் தொடங்கினாள். "எங்க..." என்று வந்ததும் நின்றுவிட்டாள். மறுபடி தொடங்கினாள், மறுபடி அங்கேயே நின்றாள். அண்ணா, பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிடக் கீழே இறங்கிப் போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே வருகிற பிள்ளைகள் எல்லோரும் என்னை அக்கா என்பார்கள். இவள் மட்டும் முதல் நாளிலிருந்தே மிஸ். எங்கள் அலுவலகத்தில் இருந்த மற்றப் பெண்களையும் மேடம் என்றுதான் கூப்பிடுவாள்.

"அந்த வார்த்த மட்டும் வேணாம் மிஸ்" என்றாள்.

"சரி, வேணாம். ஏன்னு கேக்கலாமா?"

துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அவ ஐடி கார்ட வூட்லயே உட்டுட்டா. அது இல்லாம உள்ள உடமாட்டாங்க. நான் அத்த எடுத்துகினு பின்னாலயே ஓடினேன். அவ நடு ரோட்ல போய்கினு இருந்தா. நான்தான் அக்கானு கூப்ட்டேன். நின்னா. திரும்பிப் பாத்தா. கூப்டலன்னா தாண்டிப் போயிருப்பா மிஸ்."

அவள் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்துப் பிடிக்கவில்லை. கீழே கல் அறுக்கும் சத்தம் எழுந்தது, அது அடங்கியதும் அவள், "இத்த யாருக்கும் சொல்லாதீங்க. எங்கம்மாவுக்கும் தெரியாது" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். அண்ணாவிடம் 'எங்கள் வீட்டு மூத்த பெண்' என்று மாற்றிக்கொண்டதாக மட்டும் சொன்னோம். அவரும் தலையாட்டினார்.

கூட்டம் செங்கல்பட்டில் ஒரு குளிரூட்டிய அரங்கில் நடந்தது. பல ஊர்ப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். குடிநீர், பேருந்து, நூலகம் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். இவள் முறை வந்தபோது எழுந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு பேசினாள். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. குரல் உடையவில்லை. நான் பின்வரிசையில் உட்கார்ந்து அவளோடு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். மேடையில் இருந்த மூத்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்ன வயசும்மா அவங்களுக்கு?"

சொன்னாள். அவர் பக்கத்தில் இருந்த பொறியாளரிடம் குனிந்து ஏதோ பேசினார். தேநீர் இடைவேளையில் முன்பின் தெரியாதவர்கள் வந்து, அருமையாகப் பேசினாய் என்றார்கள். ஒருவர் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

கை கழுவும் இடத்தில் அவள் என்னிடம் கேட்டாள். "நல்லா இருந்துச்சா மிஸ்?"

"நல்லா இருந்துச்சு."

"எனக்கு ஒண்ணுமே தோணல. வேற யாரோ வூட்டுக் கத மாரி கீது. முன்னெல்லாம் கண்ண மூடினா வருவா. இப்ப சொல்லிச் சொல்லி, வரமாட்றா."

குழாயை மூடாமலே நின்றாள். அது நிம்மதியா பயமா என்று அவள் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. அவளிடமிருந்து போனது எங்கே போயிற்று என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அன்று மாலையும் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அந்த மெலிந்த முகம் நின்றது.

சில வாரங்களில் வேலை நடந்தது. வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். இரும்புத் தடுப்புகள் வந்தன, பிறகு பொத்தானை அழுத்தினால் எரியும் சிவப்பு விளக்கு. மனு கொடுத்து இவ்வளவு விரைவில் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை என்று அண்ணா சொல்லி எல்லோருக்கும் பால்கோவா வாங்கித் தந்தார். என் பயிற்சிக்காலமும் முடியப் போகிற நேரம். கடவு எப்படி இயங்குகிறது என்று பார்த்து ஒரு பக்கம் எழுதச் சொல்லி என்னை அந்தக் குப்பத்துக்கு அனுப்பினார்.

பகல் வெயில். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றேன். கடல் பக்கமிருந்து ஒரு அம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். பொத்தானை அழுத்தி, விளக்கு மாறியும் உடனே இறங்காமல், வண்டிகள் நிஜமாகவே நின்றுவிட்டனவா என்று பார்த்த பிறகுதான் கடந்தார். உள்தெருவில் இட்லிக் கடை வைத்திருப்பவர், அவளுடைய அம்மா என்று அவர் பேசியபோதுதான் தெரிந்தது. அன்றுதான் முதலில் பார்க்கிறேன்.

"நீதான அந்தாபீஸ்ல பாப்பாவுக்குச் சொல்லிக்குட்த்த பொண்ணு?"

"ஆமாம்மா."

"குந்து" என்றார். நிறுத்தத்தின் சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்தோம்.

"அவ அங்க நல்லா பேசினாளாமே. ஊரே சொல்லுது. பேப்பர்காரங்க கேட்டா சொல்றா. ஆபீசருங்க கேட்டா சொல்றா. எனக்குச் சொல்லல. ஒரு நாளும் சொல்லல. நான் கேக்கவும் பயந்துகினு இருந்துட்டேன். அன்னிக்கு நான் கடையில இருந்தேன். வந்து பாக்கறதுக்குள்ள இட்டுகினு பூட்டாங்க. ஆஸ்பத்திரில மூடித்தான் காட்னாங்க. எம்பொண்ணு எப்டிப் போனானு எனக்குத்தான் தெரியாது." கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். "உனக்கு எல்லாம் தெரியுமில்ல. சொல்லு."

"அவளையே கேளுங்கம்மா" என்றேன்.

"அவகிட்ட கேட்டா உடஞ்சிடுவா. நீ சொல்லு. நீ வெளி ஆளு."

மறுக்க முடியவில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்தது அந்த இரண்டு நிமிடம்தான். அதையே தொடங்கினேன். குளிக்க நேரமாகிவிட்டது, தலை ஈரமாக இருந்தது, செருப்புக்கு ஊக்கு போட்டிருந்தாள். குறைத்துப் போட்டதெல்லாம் எனக்கே தெரியாமல் திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. சோப்பைச் சொன்னேன். எலுமிச்சைச் சாதத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பஸ் வந்துகொண்டிருந்தது, பாதி ரோடு போய்விட்டாள் என்று சொல்லும்போது என் குரல் என்னுடையதாக இல்லை. அவள் மூச்சு வாங்கும் இடத்தில் நானும் மூச்சு வாங்கினேன். அதன் பிறகு என் வாயிலிருந்து வந்தது இது: "நான் ஐடி கார்ட எடுத்துகினு பின்னால ஓடினேன். அக்கானு கூப்ட்டேன். திரும்பிப் பாத்தா."

சொன்னது காதில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. எதைச் சொல்ல மாட்டேன் என்றேனோ அதையே சொல்லியிருந்தேன். அதுவும் 'நான்' என்று.

அந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். வெளி ஆளைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. இட்லி மாவு காய்ந்த கையால் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கூப்டலன்னாலும் அந்த லாரி வந்துதான் இருக்கும்டி. கடசியா உன் மொகத்ததான பாத்தா. தனியா போவல. அது போதும் எனக்கு."

நான் தலையை ஆட்டினேன். கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கடையில் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன் என்றார். திரும்ப அதே பொத்தானை அழுத்திக் கடந்து போனார். எனக்கான பேருந்து வந்தது. ஏறவில்லை. அதற்கடுத்த பேருந்தில்தான் ஏறினேன்.

அந்த அம்மாள் சொன்ன வார்த்தை எனக்குரியது அல்ல. உரியவளிடம் சேர்க்க வேண்டும் என்ற ஒன்றுதான் மனதில் இருந்தது. அடுத்த முறை கூட்டம் முடிந்ததும் அவளை மாடியில் நிறுத்திவைத்து நடந்ததைச் சொன்னேன். வாய் தவறி வந்துவிட்டது என்பதையும் சொன்னேன்.

"அத்தயும் சொல்லிட்டீங்களா?"

"வந்துடுச்சு. வேணும்னு சொல்லல."

பையைத் தோளில் மாட்டினாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். "அவங்க இன்னா சொன்னாங்க, அத்த மறுபடி சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "அப்டியேவா?" என்றாள். அப்படியே என்றேன். "இன்னொரு வாட்டி." அவள் சுவரைப் பார்த்து நின்றாள், நான் சொன்னேன். அந்த அம்மாள் எந்தச் சொல்லுக்கு என் கன்னத்தை அழுத்தினார் என்பது வரை கேட்டாள். நான் சோர்ந்து போகும்வரை கேட்டுவிட்டு, "நானே சொல்றேன் அம்மாகிட்ட" என்று கிளம்பினாள்.

என் பயிற்சி முடிந்தது. சான்றிதழில் இளைஞர் பங்கேற்பு, கொள்கைப் பரப்புரை என்றெல்லாம் எழுதியிருந்தது. சென்னையில் ஒரு வேலை கிடைத்தது. சில மாதங்களுக்குப் பிறகு ஒரு மதியம் அவளிடமிருந்து கைபேசியில் அழைப்பு.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன் மிஸ்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லல. கேட்டுகினே வெங்காயம் உரிச்சிகினு இருந்தா. முடிச்சதும், சரி, தண்ணி புடிச்சி வைய்யின்னா. உங்ககிட்ட சொன்னத எங்கிட்டயும் சொல்லுவானு பாத்துகினே இருந்தேன். சொல்லல." பிறகு அவளே சொன்னாள். "அவளுக்கு அத ஒரு வாட்டிதான் சொல்ல முடியும் போல. உங்ககிட்ட சொல்லிட்டா. அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நான் சொன்னேனே உன்கிட்ட."

"சொன்னீங்க. உங்க குரல்லதான் கீது. அவ குரல் வரமாட்து." குறை சொல்கிற தொனி அதில் இல்லை. அப்புறம், நினைவு நாள் வருகிறது, அம்மா உங்களை வரச் சொன்னாள் என்றாள்.

போனேன். ஓட்டு வீடு, வாசலில் வலைகள். கூடத்தில் மாலை போட்ட படம், முன்னால் இலை. எலுமிச்சைச் சாதமும் வறுத்த மீனும் வைத்திருந்தார்கள். படத்தைப் பார்த்தேன். உருண்டை முகம். கன்னம் குழியச் சிரிக்கிற, பூசினாற்போல் இருந்த ஒரு பெண். மச்சம் எதுவும் இல்லை. நான் இத்தனை நாள் சுமந்துகொண்டிருந்தவளுக்கும் இவளுக்கும் ஒரு சாயல்கூட இல்லை.

"இன்னா அப்டிப் பாக்கற?" என்றார் அந்த அம்மாள்.

"நல்லா சிரிக்கிறாங்கம்மா."

"எப்பவும் அப்டித்தான். திட்னாக்கூட சிரிப்பா." இலையிலிருந்து மீனை எடுத்து என் தட்டில் வைத்தார். எங்கள் வீட்டில் மீன் சேர்ப்பதில்லை. மறுக்கத் தோன்றவில்லை, சாப்பிட்டேன். நிறுத்தத்தில் நடந்ததைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை. தாயும் மகளும் பாத்திரம் கழுவும்போது தண்ணீரைப் பற்றியும் மாவு அரைக்கும் மிஷினைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள்.

அவள் என்னைப் பேருந்து ஏற்றிவிட வந்தாள். சாலையோரம் நின்று பொத்தானை அழுத்தினாள். விளக்கு மாறியும் ஒரு கார் நிற்காமல் போனது, அடுத்தது நின்றது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறங்கி நடந்தோம். நடுச்சாலையில், ஒருத்தி நின்று திரும்பிப் பார்த்த இடம் அங்கே எங்கோதான் இருக்க வேண்டும். உருண்டை முகத்தை அங்கே நிறுத்திப் பார்க்க முயன்றேன். வரவில்லை. மெலிந்தவள்தான் நின்றாள். யார் வீட்டுப் பெண் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாத அவள், நாங்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நிற்காமல் நடந்தேன். மறுபக்கம் வந்து பேருந்து தெரிகிறவரை, என்னோடு நடந்தவள் பிடித்த மணிக்கட்டை விடவில்லை.